விதைத்தவர் யார்?

ஓரிடத்தில் வேரூன்றிய மரம் தன் வாழ்நாள் முழுவதும் அவ்விடத்திலேயே நிற்கின்றது. வெயில் எரித்தாலும் பனி கொட்டினாலும் அதனால் விலகிச் செல்ல இயலாது. ஆயினும் காடுகள் இடம் பெயர்ந்திருக்கின்றன. ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிவடைந்த கடைசிப் பனியுகத்தின்போது பனிக்கட்டியால் மூடுண்டு கிடந்த அல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் இன்று அடர்ந்த காடுகளைக் காண்கின்றோம். நடக்க இயலாத மரங்கள் இங்கு எவ்வாறு வந்து சேர்ந்தன?

இவ்வினாவை எம் உள்ளத்தில் எழுப்பியவள் எமது தமிழ்ப் பாடசாலை மாணவி ஒருத்தியே ஆவாள். சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர்களுடன் சுவிற்சர்லாந்தின் கிழக்கே உள்ள எங்கடின் பள்ளத்தாக்கிற்குச் சுற்றுலா சென்றிருந்தோம். காட்டின் மேலெல்லையையும் கடந்து, புல்லும் பாறையும் மட்டுமே உள்ள உயரத்தில், முழங்கால் அளவான ஊசியிலை மரக்கன்று ஒன்று தனியே நின்றது. ஜேர்மன் மொழியில் 'ஆர்வே' எனப்படும் மரத்தின் கன்று அது. "இதன் வித்து எப்படி இங்கே வந்தது, சேர்?" என்று அச்சிறுமி வினவினாள். பைன் இன மரங்களின் வித்துக்களுக்குச் சிறகு உண்டு, அவை காற்றினாற் பரம்புகின்றன என்று தாயகத்தில் பல ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்த பழக்கத்தில் உடனே விடை கூறினோம். அவள் கீழே கிடந்த கூம்பு ஒன்றை எடுத்து உடைத்தாள். உள்ளே இருந்த வித்துக்களுக்குச் சிறகே இல்லை. கடலைப் பருப்பளவில் பருத்துக் கனத்திருந்தன. "அப்படியானால் மரத்திலிருந்து விழுந்து உருண்டிருக்கலாம்" என்றோம். "உருண்டால் கீழேதானே போகும்? இது மேலே அல்லவா நிற்கிறது?" என்றாள். எம்மிடம் விடை இருக்கவில்லை. வீடு திரும்பியபின் தேடிக் கற்றவற்றையே இவ்வாண்டு விழா மலரில் எழுதுகின்றோம்.

ஏன் பரம்ப வேண்டும்?

தாய் மரத்தின் நிழலில் விழும் வித்துக்களிற் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. அங்கே ஒளி குறைவு. நீருக்கும் உப்புக்களுக்கும் தாயுடனேயே போட்டியிட வேண்டும். ஓரிடத்திற் குவிந்து கிடக்கும் வித்துக்களைத் தேடிப் பூச்சிகளும் எலிகளும் நோய்க் கிருமிகளும் வந்து சேரும். தாய் மரத்திலிருந்து விலகிச் செல்லும் வித்துக்கே வாழும் வாய்ப்பு மிகுதி என்னும் கருத்தை டானியல் ஜான்சன், ஜோசப் கொனல் என்னும் இரு அறிஞர்கள் 1970, 1971 ஆம் ஆண்டுகளிற் தனித்தனியே எடுத்துரைத்தனர். வெப்பவலயக் காடுகளில் ஒரே இன மரங்கள் அருகருகே நில்லாது சிதறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கூறுவர்.

காற்று, நீர், வெடித்தல், விலங்குகள் என வித்துப் பரம்பலின் வழிகளை நாம் அனைவரும் பாடசாலையில் மனனம் செய்திருக்கின்றோம். இந்நான்கில் விலங்குகளினாற் பரம்புவதே மிகவும் நுட்பமானது. காற்றும் நீரும் கூலி கேட்பதில்லை. விலங்கோ காரணமின்றி எதனையும் சுமப்பதில்லை. ஆகவே தாவரம் அதனை ஏமாற்ற வேண்டும், அல்லது அதற்குக் கூலி கொடுக்க வேண்டும்.

கூலியின்றிச் செல்லும் பயணிகள்

ஊரில் ஒழுங்கைகளில் நடந்து வந்தபின் வேட்டியிலும் சேலைக் கரையிலும் ஒட்டியிருந்த நாயுருவியை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். நாய், ஆடு, மனிதர் என எவர் உரசிச் சென்றாலும் அதன் காய் ஒட்டிக்கொள்ளும். நெருஞ்சி முள்ளோ காலிலும் செருப்பிலும் துவிச்சக்கர வண்டியின் ரயரிலும் குத்திக்கொண்டு ஊர் கடந்து செல்லும்.

இத்தந்திரம் எல்லா நாட்டுத் தாவரங்களுக்கும் பொதுவானது. 'கிளெற்ற' என ஜேர்மன் மொழியில் அழைக்கப்படும் செடியின் காய்களில் நுனி வளைந்த கொளுக்கிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்த்ரால், தம் உடையிலும் நாயின் உரோமத்திலும் ஒட்டியிருந்த இக்காய்களை நுணுக்குக்காட்டியில் வைத்து ஆராய்ந்தார். அதன் பயனாக உருவாகி 1950களிற் காப்புரிமை பெற்றதே 'வெல்குரோ' என்னும் ஒட்டுப்பட்டி. நம் பிள்ளைகளின் சப்பாத்துக்களில் கயிற்றுக்குப் பதிலாக இருக்கும் பட்டி, ஒரு செடி தன் வித்தைப் பரப்பக் கண்ட வழியின் நகலே ஆகும்.

ஒட்டிக்கொள்ளும் கொளுக்கி இல்லாத வித்துக்களும் சேற்றோடு சேர்ந்து பயணம் செய்கின்றன. சார்ள்ஸ் டார்வின் ஒரு சிறு குளத்தின் கரையிலிருந்து மூன்று மேசைக்கரண்டிச் சேற்றை எடுத்து, மூடிவைத்து, ஆறு மாதங்கள் கவனித்தார். முளைத்த ஒவ்வொரு நாற்றையும் பிடுங்கி எண்ணியபோது மொத்தம் 537 செடிகள் இருந்தன. நீர்ப்பறவைகளின் கால்களில் ஒட்டும் சேறு எத்துணை வித்துக்களைச் சுமக்கக்கூடும் என்பதற்கு இதனைச் சான்றாக 1859 இல் வெளிவந்த தமது 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலில் எடுத்துக் காட்டினார்.

பழம் என்னும் கூலி

பழுக்கும்வரை காய் பச்சை நிறமாக இலைகளோடு மறைந்திருக்கின்றது, துவர்க்கின்றது, புளிக்கின்றது. வித்து முற்றியதும் நிறம் மாறுகின்றது, மணம் வீசுகின்றது, இனிக்கின்றது. 'இப்போது வரலாம்' என்று தாவரம் விடுக்கும் அழைப்பே பழுத்தல். பழத்தின் சதை கூலி, வித்துச் சுமை. உண்ட விலங்கு வேறோரிடத்தில் எச்சமிடும்போது வித்தும் வெளியேறுகின்றது. கடினமான உறையுள்ள வித்து உணவுக்கால்வாயிற் சமிபாடு அடையாது தப்புவதோடு, சதை நீங்கப்பெற்று, சில வேளைகளில் எருவையும் உடன் பெற்றுக்கொள்கின்றது.

யாழ்ப்பாணத்திற் பனைமரத்தின் மட்டைகளுக்கிடையில் ஆலங்கன்று முளைத்து, நாளடைவிற் பனையைச் சுற்றி வளைத்து நிற்கும் காட்சியை நாம் அறிவோம். ஆலம்பழத்தை உண்ட பறவையின் எச்சமே அங்கு விதைத்தது. வேலியோரங்களில் எவரும் நடாத வேம்பு வரிசையாக நிற்பதற்கும், வேலியில் வந்து அமரும் காகமும் மைனாவுமே காரணம். வன்னிக் காடுகளிற் பாலைப்பழக் காலத்திற் கரடிகள் பாலை மரங்களைத் தேடி வரும். பனம்பழத்தைச் சூப்பும் மாடு கொட்டையை வேறோரிடத்திற் போட்டுச் செல்லும். யானையோ பழத்தை முழுதாக விழுங்கி, வித்துக்களைப் பல கிலோமீற்றர் தொலைவு சுமந்து சென்று இலத்தியோடு இடும். பெரிய வித்துக்களை விழுங்க வல்ல விலங்குகள் சிலவே. ஆதலின் யானையின் பணியைச் சிறு பறவைகள் ஏற்க இயலாது.

எல்லா விலங்கும் நல்ல சுமைகாரர் அல்லர். சில வித்துக்களைப் பல்லால் அரைத்து அழித்துவிடும். ஆகவே வேண்டாதவரைத் தடுக்கவும் தாவரங்கள் கற்றுள்ளன. இதற்கு நம் சமையலறையிலேயே சான்று உண்டு. மிளகாயின் உறைப்பு 'கப்சேசின்' என்னும் பொருளால் உண்டாகின்றது. எலி போன்ற முலையூட்டிகளின் வாய் அதனால் எரியும். அவற்றின் பல்லோ வித்தை நொறுக்கும். பறவைகளுக்கு அவ்வுறைப்புத் தெரிவதில்லை. பல் இல்லாமையால் அவை வித்தை நொறுக்குவதுமில்லை. காட்டு மிளகாயை எலிகள் தவிர்க்கின்றன, பறவைகள் உண்டு பரப்புகின்றன என்பதனை 2001 இல் வெளியான ஆய்வொன்று அரிசோனாப் பாலைநிலத்திற் காட்டியது. ஊரில் மரத்தின் கீழ் தானாக முளைத்து நின்ற கொச்சி மிளகாய்ச் செடியை விதைத்தவர் யார் என்பதற்கும் இதுவே விடை.

பறவைகளும் வௌவால்களும் கடலையும் கடக்க வல்லன. இந்தோனேசியாவின் கிரக்கற்றோவா தீவு 1883 ஆகஸ்ற் மாதத்தில் எரிமலை வெடித்துச் சாம்பலால் மூடப்பட்டது. அங்கு மீண்டும் காடு எழுந்தபோது அத்தி இன மரங்கள் அதில் முக்கிய இடம் பெற்றன. அவற்றின் வித்துக்களைக் கடல் கடந்து கொணர்ந்தவை பறவைகளும் பழந்தின்னி வௌவால்களுமே.

எறும்பின் சுமை

சிறிய உயிரினமாயினும் எறும்பின் பணி சிறியதன்று. வயலற் போன்ற செடிகளின் வித்தில் எண்ணெய்ச் சத்து நிறைந்த சிறு முடிச்சு ஒன்று ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக வித்தைத் தன் புற்றுக்கு இழுத்துச் செல்லும். முடிச்சைக் குஞ்சுகளுக்கு ஊட்டியபின் வித்தை வெளியே குப்பையோடு எறிந்துவிடும். அக்குப்பை மண் வளமானது. வித்து அங்கே முளைக்கும். உலகில் 11,000 இற்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இவ்வாறு எறும்புகளை நம்பியுள்ளன என மதிப்பிடப்பட்டுள்ளது.

ஒளித்து வைப்பவர்கள்

இனி, அச்சிறுமியின் வினாவிற்கு வருவோம். ஆர்வே மரத்தின் வித்துக்குச் சிறகில்லை, சதைப்பழமும் இல்லை. வித்தே உணவு. அதனை உண்பவன் அதனை அழிக்கின்றான். பின்னர் அது பரம்புவது எங்ஙனம்?

காகக் குடும்பத்தைச் சேர்ந்த பறவை ஒன்று இங்குள்ள மலைக்காடுகளில் வாழ்கின்றது. கபில நிற உடலெங்கும் வெண்புள்ளிகள். நீண்டு உறுதியான அலகு. ஜேர்மன் மொழியில் 'தன்னன்ஹேயர்' என்பர்; 'கொட்டை உடைப்பான்' எனத் தமிழிற் கூறலாம். கோடையின் இறுதியில் ஆர்வேக் கூம்புகள் முற்றியதும் இது கூம்பை உடைத்து வித்துக்களை எடுத்து, நாவின் கீழுள்ள பைபோன்ற தொண்டைப் பகுதியில் நிரப்பிக்கொள்ளும். ஒரே தடவையில் ஏறத்தாழ 100 வித்துக்கள்வரை சுமக்கும். பல கிலோமீற்றர் தொலைவு பறந்து, காட்டெல்லைக்கு மேலேயும் சென்று, மண்ணிற் சில சென்ரிமீற்றர் ஆழத்தில் மூன்று, நான்கு வித்துக்களாகப் புதைத்துவைக்கும். இவ்வாறு ஒரு பறவை ஓராண்டில் 100,000 வித்துக்கள்வரை ஒளித்துவைக்கும் எனக் கணக்கிட்டுள்ளனர்.

நீண்ட பனிக்காலம் முழுவதும் இக்களஞ்சியமே அதன் உணவு. பனி உருகுமுன்னரே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, அக்குஞ்சுகளையும் இதே வித்துக்களால் வளர்க்கின்றது. பனி மூடிய நிலத்திற் புதைத்த இடங்களை எவ்வாறு அறிகின்றது? மோப்பத்தினால் அன்று, நினைவினால். 1982 இல் ஸ்ரீவன் வண்டர் வோல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இப்பறவையின் நெருங்கிய உறவான வட அமெரிக்க இனத்தை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். பறவைகள் வித்துக்களைப் புதைத்த பின்னர், நிலத்தின் ஒரு பாதியில் இருந்த அடையாளப் பொருட்களை மட்டும் 20 சென்ரிமீற்றர் நகர்த்திவைத்தார். அப்பாதியிற் பறவைகள் ஏறத்தாழ அதே அளவு தவறிய இடங்களைக் கிளறின. அருகிலுள்ள பாறை, கட்டை முதலியவற்றை அடையாளமாகக் கொண்டே அவை இடத்தை நினைவில் இருத்துகின்றன என்பது தெளிவாயிற்று.

ஒளித்தவற்றில் ஏறத்தாழ 80 வீதத்தை அது மீண்டும் கண்டெடுக்கும் என்பர். எஞ்சிய 20 வீதம் என்னவாகும்? 100,000 இல் 20,000 வித்துக்கள். அவற்றுள் எலிகள் உண்பன போக, தகாத இடத்திற் கிடந்து மடிவன போக, சில முளைக்கும். ஒரே குழியிற் பல வித்துக்கள் முளைப்பதால் ஆர்வே மரங்கள் இரண்டு, மூன்றாக ஒட்டி நிற்பதையும் காணலாம். ஆர்வேக் கூம்பு மரத்தில் இருக்கையிற் தானாக விரிவதில்லை, முழுதாகவே விழும். ஆகவே இம்மரத்தின் அடுத்த தலைமுறை பெரும்பாலும் இப்பறவையின் கையிலேயே தங்கியுள்ளது.

பகைவன் எனப்பட்ட நண்பன்

இவ்வரலாற்றில் எம்மை ஆழமாகச் சிந்திக்கவைத்த பகுதி ஒன்றுண்டு. ஆர்வே மரம் மலைவாழ் மக்களுக்கு மிகவும் பெறுமதியானது. அதன் நறுமண மரத்தால் அறைகளும் தளபாடங்களும் அமைப்பர். உயரத்தில் நிற்கும் காடு பனிச்சரிவைத் தடுத்துக் கீழுள்ள ஊர்களைக் காக்கின்றது. அம்மரங்கள் குறைந்துவந்த காலத்தில், வித்துக்களை ஆயிரக்கணக்கிற் தின்னும் இப்பறவையே காரணம் என வனத்துறையினர் பலர் கருதினர். பகைவன் எனப் பெயரிட்டு அதனைச் சுட்டுக் கொன்றனர்.

பறவை கூம்பை உடைத்ததை அவர்கள் கண்ணாற் கண்டனர், அது பொய்யன்று. ஆனால் அது பறந்து சென்று புதைத்ததையும், பத்தாண்டுகள் கழித்து அவ்விடத்திற் கன்று நின்றதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஹேர்மன் மற்றெஸ் என்னும் ஆய்வாளர் எங்கடினில் இப்பறவையைப் பொறுமையோடு ஆராய்ந்து 1978 இல் வெளியிட்ட நூலும், ஏனையோரின் ஆய்வுகளும் உண்மையை நிலைநாட்டின. வித்துத் திருடன் எனப்பட்டவனே காட்டை நட்டவன். 1914 இல் நிறுவப்பட்ட சுவிற்சர்லாந்துத் தேசியப் பூங்காவின் இலச்சினையாக இன்று இப்பறவையே விளங்குகின்றது.

அரைகுறையாகக் கண்டதைக்கொண்டு எவரையும் பகைவர் என முடிவு கட்டுவது எத்துணை எளிது! வந்து குடியேறியவர் எடுத்துக்கொள்வது உடனே கண்ணிற்படும். அவர் நட்டது மரமாக வளரக் காலம் எடுக்கும். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நன்மையும் தீமையும்

வித்துப் பரம்பல் எப்போதும் நன்மையே பயக்கும் என்று கூறுவதும் அரைகுறைக் கல்வியே ஆகும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேல மரத்தின் இனிய நெற்றுக்களை ஆடுமாடுகள் விரும்பி உண்டு, சாணத்தோடு எங்கும் பரப்பின. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலும் இலங்கையின் அம்பாந்தோட்டைப் பகுதியிலும் அது பரந்து, அங்குள்ள தாவரங்களை நெருக்குகின்றது. விலங்கு நல்லது கெட்டது அறியாது. கொடுத்த கூலிக்குச் சுமக்கின்றது. எதனை எங்கே கொண்டுவருகின்றோம் என்பதனை எண்ணிப்பார்க்க வேண்டியவன் மனிதனே.

விலங்கு அழிந்தால்

மரம் நிற்கின்றது, பழுக்கின்றது, பழம் விழுகின்றது, சுமப்பவர் இல்லை. இத்தகைய காடு பார்வைக்குப் பசுமையாகவே தோன்றும். ஆயினும் அதற்கு அடுத்த தலைமுறை இராது. யானையும் வேட்டையாடப்பட்ட பெரும் பறவைகளும் அற்றுப்போன வெப்பவலயக் காடுகளில் இந்நிலை ஏற்பட்டு வருகின்றது.

இன்று புவி வெப்பமடைவதனாற் பல தாவரங்கள் தமக்கேற்ற குளிர்ச்சியைத் தேடி மேலும் உயரத்திற்கும், துருவங்களை நோக்கியும் இடம்பெயர வேண்டியுள்ளது. பறவைகளும் முலையூட்டிகளும் குறைந்துவிட்டமையால், காலநிலை மாற்றத்திற்கேற்ப இடம்பெயரும் ஆற்றலில் ஏறத்தாழ 60 வீதத்தை அவற்றை நம்பியிருந்த தாவரங்கள் உலகளவில் இழந்துவிட்டன என 2022 இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியான கட்டுரை மதிப்பிட்டது. காட்டெல்லைக்கு மேலே நாம் கண்ட அந்தச் சிறு கன்றின் பொருள் இப்போது விளங்கும். வெப்பம் ஏற ஏறக் காடு மேலே செல்ல வேண்டும். அதனை மேலே தூக்கிச் செல்ல ஒரு பறவை வேண்டும்.

பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

அன்பு மாணவர்களே! அடுத்த முறை காட்டுப் பாதையில் நடந்து திரும்பியதும் உங்கள் காலுறைகளைப் பாருங்கள். ஒட்டியிருக்கும் வித்துக்களைப் பிடுங்கி, சிறு சட்டியில் மண்ணிட்டு விதைத்து நீர் ஊற்றுங்கள். எத்தனை முளைக்கின்றன என்று டார்வினைப்போல எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே! அவ்வேளையில் நாயுருவி, நெருஞ்சி, பாலை, இலுப்பை, ஆல் ஆகியவற்றின் கதைகளைத் தமிழிற் சொல்லுங்கள். இங்குள்ள மரங்களின் பெயர்களைப் பிள்ளைகள் நமக்குக் கற்பிக்கட்டும். நாம் அறிந்த மரங்களின் பெயர்களை நாமே சொல்லாவிடின் அவர்களுக்குச் சொல்வோர் வேறெவருமில்லை.

எம்மிடம் வினாத் தொடுத்த அம்மாணவிக்கு அடுத்த வகுப்பிலேயே, "நாம் கூறிய இரண்டு விடைகளும் பிழை, உன் வினாவே சரி" என்று அனைவர் முன்னிலையிலும் கூறினோம். பின்னர் அப்பறவையின் கதையைக் கரும்பலகையில் வரைந்து காட்டினோம். கதை முடிந்ததும் அவள் மற்றுமொரு வினாவைக் கேட்டாள்: "சேர், அந்தப் பறவை மறந்த வித்துத்தான் மரமாகிறதா, அல்லது அது தேவைக்கு மேலே நட்டுவைக்கிறதா?"

இரண்டும் இருக்கலாம் என்றோம். எனினும் வரவிருக்கும் கடும் பனிக்காலத்தை எண்ணித் தன் தேவைக்கு மேலாகவே அது நட்டுவைக்கின்றது என்பதில் ஐயமில்லை. அவ்வாறு மிஞ்சியதிலிருந்தே காடு எழுகின்றது.